மெண்டல் மணிப்பெட்டி: பாதி சரி, பாதி சொதப்பல்

மெண்டலின் மரபியல் விதிகளைச் செய்து பார்க்க, பிளஸ் டூ ஆய்வகங்களுக்கென்று விற்கும் பாசிமணிப் பெட்டி இது. ஒரே ஒரு பண்பை மட்டும் பார்க்கும் ஒருபண்புக் கலப்புக்குத் தாராளமாகப் போதும். இரு குவளைகள், ஒவ்வொன்றிலும் 50 சிவப்பு, 50 வெள்ளை. ஒரு குவளை தந்தை, மற்றது தாய்; ஒவ்வொரு மணியும் பிள்ளைக்குப் போகும் ஒரு ஜீன். கண்ணை மூடி குவளைக்கு ஒரு மணி எடுத்து, ஜோடியைக் குறித்துக்கொண்டு, திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். போடாமல் விட்டால் குவளையின் 50:50 குலைந்துவிடும். கையேடு இதைச் சொல்லவே இல்லை!

16 முறை எடுத்தால் போதும் என்கிறது கையேடு. போதாது. ஓங்கு நிற மணி ஒன்றாவது உள்ள ஜோடிகளும் இல்லாத ஜோடிகளும் 3:1, அதாவது 16-ல் 12:4 வர வேண்டும்; ஆனால் 10:6 வருவது சர்வ சாதாரணம். மாணவர்கள் உடனே 12:4 என்று திருத்தி எழுதிவிடுவார்கள். குறைந்தது 100 முறையாவது எடுக்கட்டும். மெண்டலே 7,324 பட்டாணி விதைகளை எண்ணித்தான் 5,474 உருண்டை, 1,850 சுருக்கம் என்று 2.96:1-ஐ எட்டினார்.

வெள்ளை மணி ஒரு சுற்றுப் பெரிது, விரலுக்குத் தெரிகிறது. கையுறை போட்டாலும் முழுசாகத் தீராது.

இரு பண்புகளைச் சேர்த்துப் பார்க்கும் இருபண்புக் கலப்புப் பகுதிதான் மோசம். ஒரே மணியில் பாதி நிறத்துக்கு, பாதி வடிவத்துக்கு. மஞ்சள்-உருண்டை, பச்சை-சுருக்கம் என இரண்டே வகை மணிகள். இது முழுப் பிணைப்பு, அதாவது இரு பண்புகளும் பிரியாமல் சேர்ந்தே போகும். எத்தனை முறை எடுத்தாலும் 3:1 தான் வரும்; இரு பண்புகளும் தனித்தனியாகப் பிரிந்தால் வர வேண்டிய 9:3:3:1 வராது. அந்த மணிகளை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு பெற்றோருக்கும் நிறத்துக்கு ஒன்று, வடிவத்துக்கு ஒன்று என நான்கு குவளைகள் வையுங்கள். கூடுதல் மணிக்கு ஃபேன்சி ஸ்டோர் போதும்.