ஹான்டார்ஃபா, டனுண்டாவா? அடிலெய்டிலிருந்து ஒரு நாள் பயணம்

அடிலெய்டுக்கு விருந்தாளிகள் வந்தால் எங்கே கூட்டிப்போவது என்ற பேச்சில் இரண்டு ஊர்கள் மோதிக்கொள்ளும். ஒன்று, மலைமேல் இருக்கும் ஹான்டார்ஃப். இன்னொன்று, பரோசா பள்ளத்தாக்கின் டனுண்டா. இரண்டையும் ஜெர்மானியர்கள்தான் உருவாக்கினார்கள், அதுவும் ஒரே காரணத்துக்காகச் சொந்த மண்ணைவிட்டு வந்தவர்கள். அன்றைய ஜெர்மானிய அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் மன்னர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியம் இரண்டு கிறிஸ்தவச் சபைகளை ஒன்றாக்கி, எல்லோர்மேலும் ஒரே வழிபாட்டு முறையைத் திணித்தார். அதற்குப் பணியாத லூத்தரன் விவசாயிகள் 1838 முதல் தென் ஆஸ்திரேலியாவில் வந்து இறங்கினார்கள்.

கார் இல்லை, வயதானவர்கள் உடன் வருகிறார்கள், கையில் அரை நாள்தான் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, ஹான்டார்ஃப்தான். தூரம் 30 கிலோமீட்டருக்கும் குறைவு, நகரப் பேருந்தே போகிறது. பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி மரங்கள் அடர்ந்த ஒரே தெருவில் இருக்கிறது. அதே தெரு வார இறுதியில் நெரிசலில் திணறும். காரில் போகிறவர்கள் காலை பத்து மணிக்குள் போய் நிறுத்திவிடுவது நல்லது. கடைகளில் பாதி நினைவுப்பொருள்கள்தான், அவற்றுக்காக நேரத்தைச் செலவிட வேண்டாம்.

செலவிட வேண்டிய இடம் 1857-இல் பள்ளிக்கூடமாகக் கட்டப்பட்ட ஹான்டார்ஃப் அகாடமி. குடியேறியவர்களின் கதை அங்கே இருக்கிறது. ‘ஸீப்ரா’ கப்பலில் அவர்களைக் கொண்டுவந்த கப்பல் கேப்டன் டிர்க் ஹான், இறக்கிவிட்டதோடு தன் வேலை முடிந்தது என்று திரும்பிப் போகவில்லை. அலைந்து பேசி நிலமும் பிடித்துக் கொடுத்தார், ஊருக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அந்த நிலம் பெராமாங்க் பழங்குடியினருடையது என்பதையும் மறக்கக் கூடாது. என்னை மிகவும் அசைப்பது பெண்களின் நடை. காய்கறி, வெண்ணெய், முட்டையைச் சுமந்துகொண்டு நள்ளிரவில் கிளம்பி, விடியும்போது அடிலெய்டு சந்தையில் நிற்பார்களாம். அந்தப் பாதையின் ஒரு பகுதியில் இன்றும் நடக்கலாம். முதல் உலகப்போரின்போது, 1917-இல், ஊர்ப் பெயரையே அழித்து ஆம்பிள்சைட் என்று மாற்றினார்கள். பழைய பெயர் திரும்பியது 1935-இல்தான்.

குழந்தைகள் வந்தால் ஊர் எல்லையில் இருக்கும் பேரன்பெர்க் பண்ணையில் கோடைப் பருவத்தில் ஸ்ட்ராபெரி பறிக்கலாம். சாப்பாடுதான் கொஞ்சம் சிக்கல். ஜெர்மன் உணவகங்களில் பன்றியும் மாடும் கலந்த தொத்திறைச்சிதான் பிரதானம். சைவக்காரர்களுக்கு உருளைக்கிழங்கும் ஆப்பிள் ஸ்ட்ரூடலும் மிஞ்சும்.

இனி டனுண்டா. வடகிழக்கே 70 கிலோமீட்டருக்குமேல், கார் இல்லாமல் கஷ்டம். முழு நாளும் ஒதுக்க வேண்டும். பரோசா என்றதும் ஒயின் நினைவுதான் வரும். அது தப்பில்லை, 1843-இல் நட்ட ஷிராஸ் திராட்சைக் கொடிகள் இன்றும் அங்கே காய்க்கின்றன. செப்பெல்ட்ஸ்ஃபீல்ட் ஒயின் ஆலையில் நூறு வருடம் பீப்பாயில் கிடந்த ஒயினை ஆண்டுதோறும் வெளியிடுகிறார்கள். ருசி பார்ப்பவர் காரோட்டக் கூடாது. காரோட்டுபவரின் ரத்தத்தில் மதுவுக்குச் சட்ட வரம்பு 0.05 சதவீதம், இரண்டு மூன்று இடங்களில் சுவைத்தாலே தாண்டிவிடும் வாய்ப்பு உண்டு.

மது தொடாதவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். டனுண்டாவை ஒட்டிய பெத்தனி கிராமம் இருக்கிறது. 1842-இல் உருவான, பரோசாவின் முதல் ஜெர்மன் குடியிருப்பு அது. தெருவைப் பார்த்து வீடு, வீட்டுக்குப் பின்னால் நீண்ட பட்டையாக ஓடும் வயல் என்று, விட்டுவந்த ஊரின் அமைப்பை அப்படியே இங்கே வகுத்தார்கள். ஹான்டார்ஃபும் அப்படித்தான் தொடங்கியது, ஆனால் அங்கே கடைகள் அதை மூடிவிட்டன. பெத்தனியில் இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது. முதல் குழுவை அழைத்துவந்த போதகர் காவெலின் கல்லறை டனுண்டாவின் லாங்மைல் தேவாலயத்தில் இருக்கிறது. 1924 முதல் விறகடுப்பில் சுடும் ஏபெக்ஸ் பேக்கரியும் அதே ஊரில்தான். போகும் வழியில் பரோசா நீர்த்தேக்கத்தின் வளைந்த அணையில் ஒரு முனையில் கிசுகிசுத்தால் 140 மீட்டர் தள்ளி மறுமுனையில் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். பிள்ளைகளை அங்கிருந்து கிளப்புவது கடினம்.

முதல் தடவை வருகிறவர்களை நான் ஹான்டார்ஃபுக்கே அனுப்புவேன். ஆனால் அந்த மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பார்க்க ஆசைப்படுபவருக்கு, ஒயின் வேண்டாம் என்றாலும், பரோசாதான் என் தேர்வு. சனிக்கிழமை கிளம்புங்கள், பரோசாவின் இன்னொரு ஊரான ஆங்காஸ்டனில் அன்று காலைதான் உழவர் சந்தை. அதை முடித்துக்கொண்டு பெத்தனி, அப்புறம் டனுண்டா.