போர்க் ரிப்ஸுக்கு 30 லிட்டர் ஓடிஜி: கறி பஞ்சு மாதிரி வருமா?

பேலியோ, கீட்டோ என்று மாவுச்சத்தைக் குறைத்த வீடுகளில் போர்க் ரிப்ஸுக்கு, அதாவது பன்றி விலாவுக்கு, தனி மரியாதை உண்டு. கறியில் கொழுப்பும் புரதமும்தான், மாவுச்சத்து கிடையாது. கெடுப்பது மேலே பூசும் சாஸ். பாட்டிலில் வரும் சாதாரண பார்பிக்யூ சாஸில் இரண்டு மேசைக்கரண்டிக்கே 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். அதனால் வீட்டில் செய்வதுதான் வழி. எதில் செய்வது என்பதுதான் கேள்வி. இந்த விமர்சனம் 30 லிட்டர் ஓடிஜியைப் பற்றியது, அதாவது மேசைமேல் வைக்கும் சின்ன மின்சார ஓவன். சூடாக்கும் ராடு மேலே இரண்டு, கீழே இரண்டு, 1500 வாட் சுமார், 60 நிமிட டைமர் என்று எந்தக் கம்பெனி பெட்டியும் ஏறக்குறைய ஒரே ரகம்தான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கறி மென்மையாக வருவதற்கு மொட்டை மாடிக் கரி அடுப்பைவிட ஓடிஜி நம்பகமானது. புகை வாசனையில் அது ஃபெயில். அதை நாம் தனியாகச் சேர்க்க வேண்டும்.

காரணம் விலா எலும்பைச் சுற்றியிருக்கும் கொலாஜன், கறியை இறுக்கிப் பிடித்திருக்கும் புரதம். உள்சூடு 70 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் அது ஒழுங்காகக் கரைந்து ஜெலட்டின் ஆகத் தொடங்கும். 90 முதல் 95 டிகிரிக்கு வந்து அங்கேயே கொஞ்ச நேரம் நிற்கும்போதுதான் கறி இளகும். ஆக, வேண்டியது அதிக சூடு இல்லை. ஏறாமல் இறங்காமல் இரண்டு மூன்று மணி நேரம் நிற்கும் சூடு. சென்னையில் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் மதியத்துக்கு மேல் கடற்காற்று எடுத்தால் கரி அடுப்பில் இது நடக்காது. காற்று பட்ட பக்கம் தணல் சீறும், மேல் கறி கருகும், உள்ளே ரப்பராக நிற்கும். ஓடிஜிக்கு இந்தத் தொல்லை இல்லை.

அதன் தொல்லைகள் வேறு. முதலில் டயல். 140 என்று வைத்தால் உள்ளே 120-ம் இருக்கலாம், 160-ம் இருக்கலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஓவன் தெர்மாமீட்டரை உள்ளே தொங்கவிட்டு, 135 டிகிரி எந்தக் கோட்டில் வருகிறது என்று பார்த்து, மார்க்கரால் டயலில் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் எந்தச் சமையல் குறிப்பையும் நம்பிப் பயனில்லை.

இரண்டாவது, லோ வோல்டேஜ். கோடை மாலையில் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 200 வந்தால், 1500 வாட் ராடு ஏறக்குறைய 1130 வாட்தான் தரும். வோல்டேஜ் கொஞ்சம் விழுந்தாலே சூடு நிறைய விழுகிறது. முன்சூடு 15 நிமிடத்தில் முடியாமல் 25 ஆகும். கடிகாரத்தைப் பார்க்காமல் தெர்மாமீட்டரைப் பாருங்கள். 1500 வாட் என்றால் 6 ஆம்ப்ஸுக்கு மேல் இழுக்கும், அதனால் மிக்ஸி போடுகிற சின்ன பிளக்கில் சொருகவே கூடாது. ஏசிக்கு வைக்கிற 16 ஆம்ப் பாயின்ட்தான் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உருகிப்போவது இப்படித்தான். மூன்றாவது, டைமர் 60 நிமிடத்தோடு நின்றுவிடும். டைமர் இல்லாமல் தொடர்ந்து ஓடவிடும் ‘ஸ்டே ஆன்’ இல்லாத மாடல் என்றால் மணிக்கொரு தடவை திருப்பிவிட ஆள் வேண்டும்.

அளவைப் பொறுத்தவரை, முழு விலாப் பட்டை 30 லிட்டரில் நேராக நுழையாது. இரண்டாக வெட்டினால் ஒரு கிலோ தாராளமாகப் படுக்கும். 20 லிட்டரில் ராடுக்கும் கறிக்கும் இடைவெளியே இருக்காது, ரிப்ஸுக்கு அதை வாங்க வேண்டாம்.

பாதிப் பேர் தோற்பது கறிக்கடையிலேயே. பெரம்பூரில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல தலைமுறையாக இருப்பதால் அந்தப் பக்கம் போர்க் வாங்குவது புதிய விஷயம் இல்லை. ஆனால் வறுவலுக்கும் விந்தாலுவுக்கும் கேட்பவர்களே அதிகம் என்பதால், கேட்பதற்குள் கத்தி இறங்கி விலா இரண்டு அங்குலத் துண்டாகிவிடும். முதல் வார்த்தையே இப்படி இருக்கட்டும்: “அண்ணே, துண்டு போடாதீங்க. பட்டையா அப்படியே குடுங்க, தோலை மட்டும் எடுத்துடுங்க.” எலும்புக்கு மேல் ஒரு விரல் தடிமனுக்குக் கறி இருக்க வேண்டும். தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு அரை சென்டிமீட்டர் போதும். அதற்கு மேல் இருந்தால் சீவிவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மசாலா கொழுப்பிலேயே தங்கிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் பட்டையைக் குப்புறத் திருப்பினால் எலும்பின் உள்பக்கம் பளபளவென்று ஒரு சவ்வு தெரியும். ஸ்பூன் காம்பை நடு எலும்பின்மேல் அதற்கடியில் நுழைத்துத் தூக்கி, ஈரமில்லாத துணியால் பிடித்து ஒரே இழுப்பாக இழுங்கள். எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் இது கரையாது, பிளாஸ்டிக் தாள் மாதிரி பல்லில் மாட்டும்.

ஒரு கிலோவுக்கு மசாலா: உப்பு 12 கிராம், காஷ்மீரி மிளகாய்த்தூள் ஒரு மேசைக்கரண்டி, கரகரப்பாகப் பொடித்த மிளகு இரண்டு தேக்கரண்டி, சீரகத்தூளும் பூண்டுப் பொடியும் ஒவ்வொரு தேக்கரண்டி, கடுகுப் பொடி அரைத் தேக்கரண்டி. இவை அத்தனையும் கொத்தவால் சாவடிப் பக்கத்து மளிகைக் கடைகளில் கிடைக்கும். பச்சைப் பூண்டு விழுது வேண்டாம், கடைசிச் சூட்டில் கருகிக் கசக்கும். முதல் நாள் இரவே தடவி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

அடுத்தது ஃபாயில். வினிகரும் தக்காளியும் அலுமினியத்தை அரிக்கும், அதனால் உள்ளே பட்டர் பேப்பர், வெளியே இரண்டு சுற்று ஃபாயில். எலும்பு நுனி குத்தி ஓட்டை போடாமல் இருக்க, முனைகளில் பேப்பரை மடித்து மெத்தை கொடுங்கள். உள்ளே இரண்டு மேசைக்கரண்டி வினிகர் கலந்த தண்ணீர் விட்டு, தம் பிரியாணிக்கு மாவு ஒட்டுகிற கவனத்தோடு ஓரத்தை மடித்து மூடுங்கள். நடுத்தட்டில், கீழே தட்டு வைத்து, இரண்டு பக்க ராடும் போட்டு, 135 டிகிரியில் இரண்டரை மணி நேரம். தட்டு இல்லாவிட்டால் ஒழுகும் கொழுப்பு கீழ் ராடில் பட்டு வீடெல்லாம் புகையாகும், தீப்பிடிக்கவும் செய்யும். திறக்கும்போது தட்டில் கறுப்பாகக் காய்ந்த கறை இருந்தால் ஃபாயில் ஒழுகியிருக்கிறது, ஆவி போய்விட்டது என்று அர்த்தம். அந்தக் கறி வறண்டிருக்கும். நடுவில் கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள், அரை மணி வரை ஒன்றும் ஆகாது. போன நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வெந்ததா என்று பார்ப்பது இட்லிக்குப் பார்ப்பது போலத்தான். இரண்டு எலும்புக்கு நடுவில் ஈர்க்குச்சியைக் குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும். எலும்பு நுனியிலிருந்து கறி ஒரு சென்டிமீட்டர் போல உள்வாங்கியிருக்கும். இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் பட்டை வளைந்து மேல்பரப்பு வெடிக்கும். தூக்கும்போதே எலும்பு கழன்று வந்தால் அது அதிகமாக வெந்துவிட்டது. குக்கரில் விசில் விட்டுச் செய்வதில் இதுதான் நடக்கிறது: அரை மணியில் மென்மை வரும், சாறெல்லாம் தண்ணீருக்குப் போய்விடும், மிஞ்சுவது நார்.

சாஸுக்கு நான்கு பெரிய தக்காளி, அதாவது 400 கிராம். அரைத்து, வடிகட்டி, வினிகர் இரண்டு மேசைக்கரண்டி, கடுகுப் பொடி அரைத் தேக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, உப்பு சேர்த்துப் பாதியாகச் சுண்டவிடுங்கள். நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஏறக்குறைய மூன்று கிராம் மாவுச்சத்துதான் வரும். இனிப்புக்குச் சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் எரித்ரிட்டால் 20 கிராம், பொடித்தது. அது சர்க்கரையின் இனிப்பில் முக்கால் பங்குக்கும் கொஞ்சம் குறைவு, ஆனாலும் அதற்கு மேல் போடாதீர்கள்: ஆறியதும் படிகமாகி நாக்கில் மணல் போல நறநறக்கும், வாயில் ஒரு குளிர்ச்சியும் வரும். அதற்குப் பதில் ஸ்டீவியா என்கிற இலை இனிப்புப் பாக்கெட் வாங்கினால் பின்பக்கம் படியுங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின் என்று இருந்தால் அது மாவுச்சத்துதான், ‘சுகர் ஃப்ரீ’ என்று முன்பக்கம் எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும்.

எரித்ரிட்டால் சர்க்கரை மாதிரி பாகாகிப் பளபளக்காது. அந்தப் பிசுபிசுப்புக்கு வழி ஃபாயிலுக்குள்ளேயே இருக்கிறது. அடியில் தேங்கிய சாற்றைக் கிண்ணத்தில் ஊற்றி, மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, மூன்று கரண்டியாகச் சுண்டவைத்து சாஸில் சேருங்கள். கரைந்த ஜெலட்டின் விரலில் ஒட்டும். இரண்டு விரலைச் சேர்த்துப் பிரித்தால் நூல் இழுக்கும். இந்தச் சாற்றைக் கொட்டிவிடுவதுதான் லோ கார்ப் ரிப்ஸில் மிகப் பெரிய வீண்.

புகை போடும் நேரம் சாஸ் பூசுவதற்கு முன்னால், கறி ஈரமாக இருக்கும்போது. இஸ்திரிக்காரர் வைத்திருக்கும் கரியில் ஒரு துண்டு போதும். தணலாக்கி, சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்து, பெரிய பாத்திரத்தில் கறிக்கு நடுவே இறக்கி, அரை ஸ்பூன் நெய் விட்டு உடனே மூடுங்கள். ஐந்து நிமிடம், அதிகம் போனால் ஏழு. அதற்கு மேல் கசப்பு. ஜன்னலைத் திறந்துவைத்து அல்லது பால்கனியில் செய்யுங்கள். தணலை ஓடிஜிக்குள் மட்டும் வைக்காதீர்கள், அடுத்த வாரம் சுடும் கேக்கிலும் அந்த வாசனை வரும்.

பிறகு சாஸ் பூசி, மேல் ராடு மட்டும், 220 டிகிரி, ஐந்து நிமிடம். எடுத்து மறுபடி ஒரு பூச்சு, மறுபடி ஐந்து. இந்த இடத்தில் ஓடிஜி கரி அடுப்பை நிச்சயமாக முந்துகிறது. கண்ணாடி வழியே ஓரங்கள் சிவந்து குமிழ் விடுவது தெரியும், அந்த நிமிடத்தில் நிறுத்தலாம்.

போர்க் சாப்பிடாத வீட்டில் ஆட்டு நெஞ்செலும்பு இதே முறையில் இரண்டு மணி நேரத்தில் தயாராகும். ஆனால் ஆட்டுக்கொழுப்பு ஆறினால் உறைந்து அண்ணத்தில் ஒட்டும், சூடாகவே தட்டுக்குப் போக வேண்டும். மாட்டு விலா தடிமன், மூன்றரை முதல் நான்கு மணி நேரம் பிடிக்கும், மிளகை இரட்டிப்பாக்குங்கள். ருசியில் அது போர்க்குக்கு ஒரு படி மேல். ஓடிஜியை நான்கு மணி நேரம் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் அதையே செய்யுங்கள். சாற்றிலிருந்து எடுத்த கொழுப்பை வடிகட்டி ஃப்ரிட்ஜில் வைத்தால், மறுநாள் காலை முட்டை பொரிக்க எண்ணெய் தேவைப்படாது.