நர்ஸ் அம்மாவுக்கு நினைவு அட்டை: எந்தக் கடை, எந்தத் தாள், எங்கே தப்பு நடக்கும்

கத்தோலிக்கர் ஒருவர் இறந்த முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து வெளியே வருகிறவர்கள் கையில் கொடுக்கும் நினைவு அட்டையை அடிக்க இப்போது மூன்று வகைக் கடைகள் உண்டு: கோயில் வாசல் டிடிபி சென்டர், வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்துக் கூரியரில் அனுப்பும் ஆன்லைன் கடை, சிவகாசி ஆஃப்செட் அச்சகம். அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற, ஜெபமாலையும் கையுமாகவே வாழ்ந்த ஓர் அம்மாவுக்கு அட்டை அடிப்பதாக வைத்து மூன்றையும் எடை போட்டால், அச்சுத் தரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. எழுத்திலும் படத்திலும்தான் கடைக்குக் கடை மாறுகிறது.

ஆன்லைன் கடைகளிலிருந்து ஆரம்பிக்கலாம். வேகம், விலை இரண்டிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர்களிடம் இருப்பது எல்லா மதத்தினருக்கும் பொதுவான டெம்ப்ளேட். குத்துவிளக்கை எடுத்துவிட்டுச் சிலுவையை வைத்தால் கத்தோலிக்க அட்டை ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். வசனத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். 'சங்கீதம் 23' என்று போட்டு, 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்' என்று சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகள் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பை ஒட்டிவிடுவார்கள். தினமும் பூசைக்குப் போன அம்மா கேட்டது 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு. அதில் அது 'திருப்பாடல் 23', 'ஆண்டவரே என் ஆயர்'. பழையதைப் போட்டால் சீர்திருத்த சபை உறவினர் யாரும் குற்றம் காண மாட்டார்கள், பங்குத்தந்தை கண்டிப்பாகக் கண்டுபிடிப்பார். வசனத்தைக் கடையிடம் விடாமல் நீங்களே டைப் செய்து கொடுங்கள். நர்ஸுக்கு, நோயுற்றவரைக் கவனித்ததைச் சொல்லும் மத்தேயு 25:36 போல் பொருந்துவது வேறில்லை.

அடுத்தது செஞ்சிலுவை. நர்ஸ் என்று சொன்ன மாத்திரத்தில் தொப்பியிலோ மூலையிலோ வெள்ளைப் பின்னணியில் ஒரு சிவப்புச் சிலுவையை டிசைனர் வைத்துவிடுவார். 1960-ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி இல்லாமல் அந்தச் சின்னத்தை யாரும் பயன்படுத்தக் கூடாது. எடுக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் நர்ஸ் பணியின் அடையாளமான நைட்டிங்கேல் விளக்கை வைக்கலாம், அல்லது நர்ஸ்களின் பாதுகாவலரான புனித கமில்லஸ் படம். இன்னொரு வழக்கமும் கிளம்பியிருக்கிறது: தலைக்குப் பின்னால் மஞ்சள் ஒளிவட்டம். புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம்கூடப் பெறாதவரை ஒளிவட்டத்தோடு வரைவதை 1625-இலேயே திருச்சபை தடுத்துவிட்டது. அம்மா எவ்வளவு பக்தியாக இருந்திருந்தாலும் அது வேண்டாம்.

படத்தில்தான் அதிகம் கெடுகிறது. வெள்ளைச் சீருடை, வெள்ளைத் தொப்பி, பின்னால் ஸ்டுடியோவின் வெளிர் திரை: இதை அப்படியே வெள்ளை அட்டையில் அடித்தால் தோளும் தொப்பியும் தாளோடு கரைந்து, முகம் மட்டும் மிதக்கும். பின்னணியில் 10 சதவீத அளவுக்குச் சாம்பலோ வெளிர் நீலமோ போடச் சொன்னால் போதும். கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தால் நான்கு வண்ணத்தில் அடிக்கும்போது பச்சையோ ஊதாவோ லேசாக அடிக்கும். கறுப்பு மையில் மட்டும் அடிக்க முடியுமா என்று கேளுங்கள்.

கண்ணாடிச் சட்டம் போட்ட படத்தை மொபைலில் எடுத்து அனுப்பாதீர்கள். சட்டத்திலிருந்து கழற்றி ஸ்கேன் செய்ய வேண்டும். பழைய பாஸ்போர்ட் சைஸ் படம் 35க்கு 45 மில்லிமீட்டர். 600 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் சுமார் 827க்கு 1063 பிக்சல் கிடைக்கும். அட்டையில் 2க்கு 2.5 அங்குலப் படத்துக்கு, அச்சுக்கான 300 டிபிஐ கணக்கில், தேவை 600க்கு 750 தான். 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் பற்றாது. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்ப வேண்டும். ஐடி கார்டு படத்தில் மருத்துவமனை முத்திரை பாதி முகத்தில் விழுந்திருந்தால், அதை நீக்குகிறேன் என்று ஏஐ ஆப்பில் போட்டுவிடுகிறார்கள். முத்திரை போகும், கூடவே மச்சமும் பல் வரிசையும் மாறும். அசலையும் திருத்தியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் சரி சொல்லாதீர்கள்.

கோயில் வாசல் டிடிபி சென்டருக்கு இப்படிப் பார்த்துத் திருத்துவதில்தான் பலம். ஜெபங்கள் அவர்களுக்குப் பழக்கம், எதிரில் உட்கார்ந்து திருத்தலாம். பலவீனம், மென்பொருள். இன்னும் பல இடங்களில் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளும் பாமினி வகைப் பழைய எழுத்துருவும்தான். பேஜ்மேக்கருக்கு, மொபைலில் நாம் எழுதும் யூனிகோட் தெரியாது. நீங்கள் மொபைலில் அனுப்பிய வாசகத்தை எழுத்துரு மாற்றும் கன்வர்ட்டரில் போடுவார்கள், இல்லையென்றால் பார்த்துத் திரும்ப அடிப்பார்கள். கன்வர்ட்டரில் போனால் கொம்பும் காலும் இடம் மாறும், ஸ்ரீ உடையும். கையால் அடித்தால் 'மரித்த விசுவாசிகள்' 'மறித்த விசுவாசிகள்' ஆவார்கள், 'இளைப்பாற்றி'க்கு ழகரம் வரும். ப்ரூஃபை, அதாவது சரிபார்க்கத் தரும் மாதிரியை, மொபைல் திரையில் பார்த்தால் கண்ணில் படாது. ஒரு பிரதி அச்சடித்து வாங்கி, குடும்பத்துக்கு வெளியே ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். வீட்டுக்காரர்கள் அம்மா முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

அளவு: வழக்கமாகக் கேட்பது 3க்கு 4.5 அங்குலம். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டி எடுக்கும் கூடுதல் ஓரம்) விட்டால் 13க்கு 19 அங்குல டிஜிட்டல் தாளில் 10 அட்டைதான் உட்காரும். 2.75க்கு 4.25 ஆக்கினால் அதே தாளில் 16. 320 அட்டைக்கு 32 தாள் என்பது 20 தாளாகக் குறைகிறது. ஜெபப் புத்தகத்துக்குள் வைக்கவும் இதுவே வசதி. தாளின் கனம் 300 ஜிஎஸ்எம்முக்கு மேல் வேண்டாம். லேமினேஷன் ஒரு பக்கம் மட்டும் செய்தால் அட்டை வளையும். இரண்டு பக்கமும் மேட் செய்யுங்கள். மடிப்பு அட்டை என்றால் மடிக்குமுன் கிரீசிங் (மடிப்புக் கோட்டை அழுத்திவிடுவது) போட்டார்களா என்று பாருங்கள், இல்லாவிட்டால் மடிப்பில் டோனர் மை உதிர்ந்து வெள்ளைக் கோடு விழும்.

எழுத்தின் மேல் தங்க நிறத் தாள் ஒட்டும் ஃபாயில் காசுக்குப் பிடித்த கேடு. 10 பாயின்ட்டுக்குக் கீழே ண, ஞ, ழு போன்ற எழுத்துகளின் சுழி அடைபட்டுவிடும். பெயருக்கு மட்டும் 16 பாயின்ட்டில் போட்டால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அந்தப் பணத்தைப் படத் திருத்தத்துக்குக் கொடுத்தால் இன்னும் நல்லது.

பின்பக்கத்தைப் பெரும்பாலும் வீணாக்குகிறார்கள். 9 பாயின்ட் எழுத்தில் சுமார் 20 வரி, 60 முதல் 70 சொல் பிடிக்கும். 'தன்னலமற்ற சேவை', 'அன்பின் திருவுருவம்' என்று நிரப்பினால் யாருடைய அட்டையிலும் ஒட்டலாம். எங்கே பயிற்சி, எந்த ஆண்டு ஸ்டாஃப் நர்ஸ், எந்த வார்டில் அதிக காலம், ஹெட் நர்ஸ் ஆனது எப்போது, பங்கில் மரியாயின் சேனையிலா வின்சென்ட் தே பவுல் சபையிலா, எந்த அன்பியம் (பங்கின் பகுதிக் குழு): இவ்வளவும் அந்த 70 சொல்லுக்குள் வரும். பிரசவ வார்டில் நைட் டூட்டி பார்த்தார் என்ற ஒரு வரிக்குப் பக்கத்து ஊரில் அர்த்தம் தெரிந்தவர்கள் இருப்பார்கள். பேரன் பேத்தி பெயர்ப் பட்டியல் நீண்டால் ஜெபத்தைச் சுருக்காமல் பட்டியலைச் சுருக்குங்கள்.

சிவகாசி ஆஃப்செட், 1000 பிரதிக்கு மேல் தேவைப்பட்டால் மட்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும், நான்கு வண்ணத்துக்கு நான்கு பிளேட் (அச்சுத் தகடு) போட வேண்டும். 300 அட்டைக்கு அந்தச் செலவு பரவாது. அடித்தபின் பிழை தெரிந்தால் பிளேட்டோடு போச்சு. ஆள் கணக்கில் எண்ணாமல் வீட்டுக் கணக்கில் எண்ணி, பத்துக்கு ஒன்று கூடுதலாகச் சேர்த்தால் பெரும்பாலான குடும்பங்களுக்கு டிஜிட்டலே போதும். அம்மாவோடு வேலை பார்த்த நர்ஸ்களை எண்ணிக்கையில் மறந்துவிடாதீர்கள்.

பத்தாம் நாள் வாசகத்தைக் கொடுத்து, இருபதுக்குள் ப்ரூஃப் முடித்தால் அவசரமில்லை. அட்வான்ஸ் கொடுக்கும்போதே ஒன்றைப் பேசிவிடுங்கள்: எழுத்துகளை அவுட்லைன் ஆக்கிய (எந்தக் கணினியிலும் எழுத்து மாறாத) பிடிஎஃப் ஒன்றும், திருத்தக்கூடிய மூலக் கோப்பு ஒன்றும் உங்களுக்கு வேண்டும். முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு இரண்டு வரி மட்டும் மாற்றினால் போதும். கோப்பு கையில் இல்லாவிட்டால் டிசைன் கூலியை மறுபடியும் முழுதாகக் கேட்பார்கள்.