குட்டியா, வயசான நாயா?

நாய் வளர்க்கலாம் என்று பேச்செடுத்தாலே எல்லார் கண்ணும் குட்டி மேல்தான் போகும். சரி, கணவன் மனைவி இருவருமே பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிற வீட்டில் அதை யார் கவனிப்பது? இரண்டு மாதக் குட்டி மூன்று மணி நேரம் சிறுநீரை அடக்கினாலே பெரிய விஷயம். தடுப்பூசியை 6-8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை போட வேண்டும், அது முடியும்வரை தெருவில் விட்டால் பார்வோ என்ற கொடிய வைரஸ் நோய் வந்துவிடுமோ என்ற பயம், பால்பல் விழும் நேரத்தில் செருப்பு, நாற்காலிக் கால், ஒயர் எதுவும் மிஞ்சாது.

ஏழெட்டு வயது நாயின் குணம் ஏற்கெனவே தெரிந்த ஒன்று. பூனையைத் துரத்துமா, பிள்ளைகளிடம் எப்படி, வெடிச் சத்தம் கேட்டால் என்ன செய்யும் என்று காப்பகத்தில் பார்த்துக்கொள்பவர்களிடம் கேட்டுவிடலாம். பினாங்கில் அந்தக் கடைசிக் கேள்வி முக்கியம்: தீபாவளியைத் தாண்டினாலும் சீனப் பெருநாளின் எட்டாம் நாள் நள்ளிரவில் ஹொக்கியன் மக்கள் போடும் வெடி இருக்கிறதே! கலப்பினக் குட்டியோ எவ்வளவு பெரிசாக வளரும் என்பதே ஊகம்தான்.

ஆனால் செலவு? இங்கேதான் வயசான நாய் கொஞ்சம் பயமுறுத்தும். பல்லில் காரை, மூட்டு வலி, சிறுநீரகம் என்று வரிசையாக வரலாம். நம் ஊர்க் கொசுவால் பரவும் இதயப்புழுவும் உண்டு. அதற்குச் சிகிச்சை மாதக்கணக்கில் இழுக்கும், காசும் கரையும். அதனால் கூட்டிவரும் முன்பே ரத்தப் பரிசோதனை கட்டாயம். கண் நீலம் பாய்ந்திருந்தால் உடனே கண்புரை என்று ஒதுக்கிவிட வேண்டாம், பெரும்பாலும் வயதால் கண்ணின் லென்ஸ் இறுகுவதுதான், பார்வை அவ்வளவாகக் கெடாது. வீட்டில் வழுக்கும் டைல்ஸ் மேல் பாய் விரித்தால் மூட்டுக்குப் பாதி நிம்மதி.

'சீக்கிரம் போய்விடுமே' என்பார்கள். ஆமாம், போகும். ஒன்பது வயது நாய்க்கு இன்னும் மூன்று நான்கு வருஷம் இருக்கலாம். அது தாங்காது என்பவர்களும், பகலில் பெரியவர்கள் யாராவது கூடவே இருக்கும் வீட்டுக்காரர்களும் குட்டியே எடுக்கலாம். மற்றவர்களுக்கு என் ஓட்டு நரைத்த மூஞ்சிக்குத்தான்.

எதை எடுத்தாலும் லைசென்ஸ் வேண்டும். அடுக்குமாடியில் இருந்தால் முதலில் நிர்வாகத்திடம் கேளுங்கள். அப்புறம் ஜெலுத்தோங்கில் இருக்கும் எஸ்பிசிஏ விலங்குக் காப்பகத்துக்குப் போனால், குட்டிகளைப் பார்க்கும் முன் வயசானவை எங்கே என்று விசாரியுங்கள்.