கேபிள் சிக்னல்: மெனு, மீற்றர், வயர் மாற்றம் - எதை நம்பலாம்?

மாரி தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் கேபிள்காரரின் போன் ஓயாது. படம் கட்டம் கட்டமாக உடையும், சத்தம் விட்டு விட்டு வரும், சில நேரம் திரை கறுத்தே போய்விடும். பிழை எங்கே என்று பார்க்க மூன்று வழிகள் உண்டு: ரீவியோடு கொழுவும் கேபிள் பொக்ஸின் மெனு, சிக்னலை அளக்கும் மீற்றர், வயரையும் பொக்ஸையும் மாற்றிப் பார்ப்பது. மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்பவை.

மெனுவுக்குச் செலவில்லை. சிக்னல் பக்கத்துக்குப் போனால் இரண்டு கோடுகள் தெரியும்: பலம், தரம். எல்லோரும் முதலில் பார்ப்பது பலத்தைத்தான். 80 வீதம் என்று காட்டினால் "சிக்னல் நல்லா இருக்கு, பொக்ஸ்தான் பிழை" என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். கோயில் ஒலிபெருக்கிச் சத்தம் நாலு ஒழுங்கைக்கும் கேட்கும், ஆனால் என்ன சொல்கிறார்கள் என்று விளங்காது. பலம் மட்டும் கூடிய சிக்னலும் அந்த மாதிரித்தான். பார்க்க வேண்டியது தரத்தை.

அந்த வீதக் கணக்குக்குப் பொது அளவுகோலும் கிடையாது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் விருப்பத்துக்கு வைத்தது. பக்கத்து வீட்டில் வேறு பொக்ஸ் 70 காட்டுகிறது, நம்முடையது 55 காட்டுகிறது என்று கவலைப்பட ஒன்றுமில்லை. படம் வடிவாக வரும் நாளில் அந்தப் பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அதே பொக்ஸின் பழைய எண்தான் சரியான ஒப்பீடு.

இன்னொன்று, மெனு காட்டுவது அப்போது ஓடும் சனலின் அலைவரிசையை மட்டும். கேபிளில் 8 மெகாஹேர்ட்ஸ் அகலத்தில் பல சனல்கள் ஒரு கட்டாக வருகின்றன. அலைவரிசை கூடக் கூட வயரில் இழப்பும் கூடும். வீடுகளுக்கு இழுக்கும் ஆர்ஜி-6 வயரில் 100 மீற்றர் நீளத்துக்கு 55 மெகாஹேர்ட்ஸில் சுமார் 5 டெசிபெல் (சிக்னல் கூடுதல் குறைவைச் சொல்லும் அலகு) போனால், 750 மெகாஹேர்ட்ஸில் 18 டெசிபெல் அளவில் போய்விடும். ஆகவே மேல் அலைவரிசைச் சனல்கள் மட்டும் உடைந்தால் வயர் நீளம், பழைய வயர், ஒரு வயரைப் பல ரீவிக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் கூடிப்போனது ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். கீழ் அலைவரிசை மட்டும் உடைந்தால் பெரும்பாலும் வயர் முனையிலுள்ள கொனெக்டரில் நடுக்கம்பி சரியாகத் தொடவில்லை.

மெனுவுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. அது அளப்பது கேபிள் நிலையத்திலிருந்து உங்கள் வீடு வரையுள்ள பாதையை மட்டுமே. நிலையம் பல சனல்களை டிஷ் மூலம் எடுக்கிறது. கடும் மழையில் அங்கே வரவு குறைந்தால் உங்கள் தரம் முழுசாக நிற்கும், படம் மட்டும் உடையும். ஒழுங்கை முழுக்க அதே சனல் உடைந்தால் வயரில் கை வைக்கத் தேவையில்லை.

மீற்றர் கேபிள்காரரின் ஆயுதம். குவாம் என்பது டிஜிட்டல் சனல்களைக் கேபிளில் ஏற்றி அனுப்பும் முறை. 64 குவாம் சிக்னல் என்றால் வீட்டுக்குள் பலம் 47 முதல் 67 டெசிபெல் மைக்ரோவோல்ட் வரை இருக்கலாம். தரத்தைச் சொல்லும் எம்இஆர் என்ற எண் 28 டெசிபெல்லுக்கு மேல் நின்றால் நிம்மதி. 256 குவாமுக்கு 32க்கு மேல் வேண்டும். இதன் பெரிய பலம், கம்பத்திலும் ஸ்பிளிட்டரிலும் சுவரிலும் தனித்தனியாக வைத்து அளக்க முடிவது. இரண்டு வழி ஸ்பிளிட்டரில் 4 டெசிபெல் குறைவது இயல்பு. 10 குறைந்தால் ஸ்பிளிட்டர் பழுதாகிவிட்டது. வீட்டுக்காரர் இந்த மீற்றரை வாங்குவது வீண் செலவு என்பேன். டிஷ் திருப்ப விற்கும் முள் மீற்றர் இதற்கு உதவாது, அது 950 மெகாஹேர்ட்ஸுக்கு மேலான சிக்னலுக்கானது.

மாற்றிப் பார்ப்பதை யாரும் மதிப்பதில்லை, ஆனால் காரணத்தைக் காட்டுவது அதுதான். வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்குப் பொக்ஸைக் கொண்டுபோய், ஸ்பிளிட்டரை விட்டு நேரடியாகக் கொழுவிப் பாருங்கள். படம் வந்தால் பிழை உள்ளே. வராவிட்டால் வெளியே, அல்லது பொக்ஸில். வேறு பொக்ஸ் கொழுவினால் அதுவும் தெரிந்துவிடும். குருநகர், பருத்தித்துறை போன்ற கடற்கரை வீடுகளில் முதலில் கொனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்றில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். ஒரு குறை: ஆடும் வயரைத் தொட்டாலே சிலநேரம் படம் சரியாகிவிடும், இரண்டு நாளில் திரும்பவும் உடையும். படம் வந்ததைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காமல், மாற்றும் முன்னும் பின்னும் மெனுவின் தர எண்ணையும் பாருங்கள். டிஜிட்டலில் 204 பைட் கொண்ட ஒரு தரவுப் பொதியில் 8 பைட் வரை கெட்டாலும் பொக்ஸ் திருத்திவிடும், அதைத் தாண்டினால்தான் படம் உடையும். நல்ல படம் வருவதால் சிக்னலும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

ஒரு அம்பிளிபயர் போட்டால் சரி என்று கடையில் சொல்வார்கள். இரைச்சலும் சேர்ந்துதான் பெருகும். பலக் கோடு ஏறும், தரக் கோடு அப்படியே நிற்கும், சிலவேளை இறங்கும்.

வீட்டில் ஒரு ரீவி மட்டும் உடைந்தால் மாற்றிப் பாருங்கள். சில சனல்கள் மட்டும் என்றால் மெனு. எல்லா ரீவியிலும் தரம் விழுந்தால் மீற்றரோடு ஆள் வரட்டும். கோல் எடுக்கும்போது "கிளியர் இல்லை" என்று சொல்லாமல், எந்தச் சனல், பலம் எவ்வளவு, தரம் எவ்வளவு, மழையிலா வெயிலிலா என்று சொல்லுங்கள்.