அஞ்சு சீசனா டிராவல் டிரெய்லருக்கு கவர் போட்டு வச்ச அனுபவம்

டிரெய்லர்னதும் சினிமா டிரெய்லர்னு வந்தவங்க அப்படியே கிளம்பிடலாம், இது வண்டிக்குப் பின்னாடி கொக்கி மாட்டி இழுத்துட்டுப் போற வீட்டைப் பத்தினது. எங்களுது 24 அடி. வருஷத்துல நாலஞ்சு மாசம் சும்மாவே நிக்கும், அந்த நேரத்துக்குத்தான் கவர். வாங்கின வாரத்துலயே எழுதற ரிவ்யூ எல்லாம் "சூப்பரா ஃபிட் ஆகுது, துணி கனமா இருக்கு"ன்னு முடிஞ்சிடுது, அதுக்கப்புறம் என்ன ஆகும்னு யாரும் சொல்றதில்ல, அதனால நான் அதை மட்டும் சொல்றேன்.

முதல்ல ஒரு முட்டாள்தனத்தை ஒத்துக்கறேன். கவர் வாங்கறதுக்கு முந்தின வருஷம் சாதா நீலத் தார்ப்பாய் போட்டு கயிறு கட்டி வச்சேன். பிரிச்சுப் பார்த்தா பாயோட உள்பக்கம் முத்து முத்தா தண்ணி, ஜன்னல் ரப்பர் பூரா கருப்புப் பூஞ்சை, கயிறு உரசின இடத்துல பெயிண்ட் மங்கி கோடு கோடா. வெளிய இருக்கற தண்ணியை உள்ள விடாத பாய் உள்ள இருக்கற ஈரத்தையும் வெளிய விடாதுன்னு அப்பதான் மண்டையில ஏறுச்சு.

அப்புறம் வாங்கினது பாலிப்ரொப்பிலீன் கவர், மேல மூணு லேயர், சைடுல ஒண்ணு. இது நெய்த துணி இல்ல, துணிக்கடையில குடுப்பாங்களே துணி மாதிரியே இருக்கற பை, அந்த ரகம்தான், காத்து போய் வரும், விலையும் கம்மி. ஆனா வெயில்தான் இதுக்கு எமன். ரெண்டாவது சீசன் முடியும்போது மேல் பக்கத்தைப் பிடிச்சு இழுத்தா நைஞ்ச பேப்பர் மாதிரி கையோட வந்துடுச்சு, சைடு மட்டும் புதுசாட்டம் இருந்துச்சு. அதனால எத்தனை லேயர்னு எண்றதை விட நீங்க நிறுத்தற இடத்துல எவ்வளவு வெயில் அடிக்குதுன்னு பாருங்க. இப்ப இருக்கறது நெய்த பாலியஸ்டர், மூணாவது சீசன் ஓடுது.

சைஸ் விஷயத்துல நான் ஏமாந்தது இன்னொரு கதை. டிரெய்லரோட பேப்பர்ல போட்டிருக்கற நீளத்தைப் பார்த்து கவர் ஆர்டர் பண்ணேன், அதுல முன்னாடி நீட்டிட்டிருக்கற கொக்கி ஃப்ரேமும் சேர்த்தின்னு தெரியாம. கவருக்கு வேண்டியது பாடியோட நீளம் மட்டும்தான், பின்னாடி ஏணியோ ஸ்டெப்னியோ இருந்தா அதையும் சேர்த்து டேப்ல அளந்துக்கணும். எனக்கு வந்த கவர் முன்பக்கம் 3 அடி தொளதொளன்னு தொங்கிச்சு, காத்தடிச்ச ராத்திரியெல்லாம் பட்பட்னு அடிச்சுக்கிட்டே கிடந்துச்சு. அந்த வருஷம் கவரைக் கழட்டினா முன்னாடி இருந்த ஸ்டிக்கரோட ஓரம் உரிஞ்சு போய், பெயிண்ட்ல வட்டம் வட்டமா மங்கல். கழுவாம வேற போட்டிருந்தேன், அடியில இருக்கற மண்ணும் ஆடற துணியும் சேர்ந்தா அது உப்புத்தாள்தான், நாலு மாசம் இராப்பகலா தேய்ச்சிருக்கு. இப்பல்லாம் கழுவி ஒரு நாள் முழுக்கக் காயவச்சிட்டுதான் போடறேன், வயித்துக்கு அடியில வர்ற பட்டைகளை இழுத்து இறுக்கிட்டு, காத்தடிச்ச மறுநாள் போய் மறுபடி இறுக்கறேன். (பட்டையை அடியில அந்தப் பக்கம் அனுப்பறதுக்கு படுத்துத் தவழ வேணாம், சின்ன மணல் பை ஒண்ணைக் கட்டி வீசுங்க, போய்டும்.)

கவர் கிழியறதுன்னா பெரும்பாலும் நடுவுல கிழியாது, மூலையிலதான். கூரைத் தண்ணி வழியறதுக்கு நாலு மூலையிலயும் பிளாஸ்டிக் மூக்கு ஒண்ணு நீட்டிட்டிருக்கும் பாருங்க, முதல் கவர்ல ஒரே மாசத்துல கட்டைவிரல் நுழையற அளவு ஓட்டை அங்கதான் விழுந்துச்சு. இப்ப நீச்சல் குளத்துல பசங்க வச்சு விளையாடற நீள ஃபோம் குழாயைத் துண்டு போட்டு, நீளவாக்குல கீறி, அந்த மூக்குலயும் ஏணிக் கம்பியிலயும் மாட்டிடறேன். வெயில் மறைப்பைத் தாங்கற கம்பியோட முனைக்கு பழைய டென்னிஸ் பந்து. ரெண்டாவது கவர்ல இன்னும் ஒரு ஓட்டை கூட இல்ல, அதுக்குக் காரணம் பாலியஸ்டர்னு நீங்க சொல்லுவீங்க, நான் ஃபோம்னுதான் சொல்லுவேன்.

மாட்டற வேலைக்கு ரெண்டு ஆள் கண்டிப்பா வேணும். முதல் தடவை மச்சான் மேல ஏறி நின்னு விரிச்சான், பாதி வரைக்கும் வந்தவன் அப்படியே சிலை மாதிரி நின்னுட்டு "மாமா, கூரை எங்க முடியுதுன்னே தெரியல"ன்னான். நிஜம்தான், ஓரத்துக்கு வெளியிலயும் துணி விறைப்பா நீட்டிட்டிருந்துச்சு, அடுத்த அடி கூரையா காத்தான்னு அவனுக்குத் தெரியல, துணி வேற வழுக்குது. மண்டி போட்டுப் பின்னாடியே தவழ்ந்து இறங்கினான். அதுலேர்ந்து கவரை விசிறி மடிப்பா மடிச்சு பின் ஓரத்துல வச்சிட்டு, முன் மூலை ரெண்டுலயும் கயிறு கட்டி, ஆளுக்கொரு பக்கம் தரையில நடந்துக்கிட்டே இழுக்கறோம். முதல் வருஷம் மூணு மணி நேரம், இப்ப முக்கால் மணி நேரம்.

எனக்குப் பெரிய அடி விழுந்தது மூணாவது சீசன்ல, புது கவரோட. கவர் போட்டாச்சு இல்ல, இனி என்னன்னு நாலு மாசம் கதவைக் கூடத் திறந்து பார்க்கல. மறுபடி ஊருக்குக் கிளம்பறப்ப திறந்தா படுக்கைக்கு மேல இருக்கற அலமாரிக்குள்ள ஈர வாடை, மூலைச் சுவத்தை விரலால அழுத்தினா பொதபொதன்னு உள்ள போகுது. கூரையில காத்துப்போக்கியைச் சுத்திப் பூசியிருக்கற சீலன்ட் (சந்தை அடைக்கற பசை) முடி மாதிரி வெடிச்சிருந்துச்சு, அவ்வளவுதான். மூச்சு விடற துணி தண்ணியை மட்டுப்படுத்துமே தவிர மொத்தமா நிறுத்தாது, வெடிப்பு இருந்தா கவருக்கு அடியிலயும் கசியும், கவர் இருக்கறதால அது நம்ம கண்ணுலதான் படாது. பிளைவுட் மாத்தின செலவுல நல்ல கவரா ரெண்டு வாங்கியிருக்கலாம். இப்ப கவர் போடறதுக்கு முன்னாடி ஏறி ஒவ்வொரு சந்தா தடவிப் பார்த்து, வெடிச்ச இடத்துல தானா பரவி மட்டமாகிற சீலன்ட் வைக்கறேன். உங்க கூரை ஈபிடிஎம்னு சொல்ற ரப்பர் ஷீட்னா பெட்ரோலியம் கலந்த கிளீனர் எதையும் கிட்ட கொண்டு போகாதீங்க, ரப்பர் உப்பிடும். மாசம் ஒரு தடவை கவரோட ஜிப்பைத் திறந்து உள்ள போய் மூக்கால ஒரு ரவுண்டு வர்றேன், கண்ணை விட மூக்கு சீக்கிரம் கண்டுபிடிக்குது.

பேட்டரியும் ஒரு வருஷம் போச்சு. மேல சோலார் இருக்கேன்னு நம்பிட்டேன், கவருக்கு அடியில இருக்கற சோலார் என்னத்தை சார்ஜ் பண்ணும்! கேஸ் லீக் அலாரம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சே காலி பண்ணிடுச்சு. லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் இல்லாம கிடந்தா குளிர்ல உறைஞ்சு பெட்டியே விரிசல் விட்டுடலாம், அதனால கழட்டி வீட்டுக்குள்ள வச்சிடறேன். ஒண்ணு மட்டும் சீரியஸா சொல்றேன், கவர் போட்டிருக்கும்போது ஹீட்டர், கேஸ்ல ஓடற ஃப்ரிட்ஜ் எதையும் ஆன் பண்ணிடாதீங்க, புகை போற வழி துணியால அடைஞ்சிருக்கும், தீ பிடிக்கலாம், கார்பன் மோனாக்சைடு உள்ள திரும்பினா அதுக்கு வாசனை கூட இல்ல.

எலிக்கெல்லாம் கவர் பதில் இல்ல, அதுக்கு இருட்டா ஒரு கூடாரம் கட்டிக் குடுத்த மாதிரிதான். டயரும் பாதிக்குக் கீழ வெளிய தெரியும், அதுக்குத் தனி கவர் வேணும்.

மேல கூரை போட்ட ஷெட் கிடைச்சா கவர் வாங்காதீங்க. மாசத்துக்கு ரெண்டு தடவை வண்டியை எடுக்கறவங்களும் வாங்காதீங்க, மாட்டிக் கழட்டியே வெறுத்துடுவீங்க. எங்களை மாதிரி வெட்டவெளியில மாசக்கணக்கா நிறுத்தறவங்களுக்கு வேணும், முன்னெல்லாம் கூரையிலேர்ந்து சைடுல வழிஞ்ச வெள்ளைப் பொடிக் கறை இப்ப பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு.

இப்ப இருக்கற கவர்ல ஒரு ஜிப்போட தையல் விட்டுப்போச்சு, தூண்டில் நரம்பால தைச்சிருக்கேன். இன்னும் ரெண்டு சீசன் தாங்கும்ங்கறான் மச்சான். நேத்து மேல் பக்கத்தை நகத்தால சுரண்டிப் பார்த்தேன், பொடிப்பொடியா நூல் கையில ஒட்டுது.