வெப்சைட் செய்யக் கொடுக்கிறீர்களா? டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

உடன்குடிப் பக்கம் கருப்பட்டித் தொழில் செய்கிற குடும்பம் எங்களுடையது. கடை சிறியதுதான், வியாபாரத்தில் பாதிக்கு மேல் வெளியூருக்குக் கூரியரில் போகிறது. "தொழிலுக்கு வெப்சைட் செய்து தருகிறேன், பிளாக்கும் அதிலேயே இருக்கும்" என்று ஒருவர் வந்தார். அவரை நம்பிப் பணம் கொடுத்தோம். இன்று பணமும் போய், டொமைன் என்று சொல்கிற வெப்சைட் முகவரியும் போய்விட்டது. அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. என்னென்ன செய்தார் என்பதை மட்டும் சொல்கிறேன். இதே வேலையை இதே மாதிரி செய்கிறவர்கள் வேறு ஊர்களிலும் இருக்கிறார்கள், அதற்காகத்தான் இந்தப் பதிவு.

பிளாக், அதாவது கட்டுரை எழுதுகிற பகுதி, எதற்கு என்று கேட்பீர்கள். கருப்பட்டி வாங்க போன் செய்கிற யாரும் கேட்கிற முதல் கேள்வி, "சீனி கலக்காததுதானே?" என்பது. பதநீர் எப்போது இறங்கும், கலயத்தில் ஏன் சுண்ணாம்பு தடவுகிறோம், எவ்வளவு நேரம் காய்ச்சுகிறோம், சிரட்டையில் ஊற்றி எடுத்தது எப்படி இருக்கும் என்று படத்தோடு எழுதி வைத்தால், படிக்கிறவர் அங்கேயே ஆர்டரும் போட்டுவிடுவார். இதற்கு வேர்ட்பிரஸ் பொருத்தமான கருவிதான். 2003இல் பிளாக் எழுதுவதற்காக வெளிவந்த மென்பொருள் அது. முகப்பில் கடையின் நிலையான பக்கம், கட்டுரைகளுக்குத் தனிப் பக்கம் என்று அதன் அமைப்புகளுக்குள் போய் மாற்றினால், ஒரே இடத்தில் இரண்டும் ஓடும். அவர் சொன்ன யோசனையில் தப்பே இல்லை. அதனால்தான் நாங்களும் சரி என்றோம்.

கொட்டேஷனில் 'பிளாட்ஃபார்ம் லைசென்ஸ்' என்று ஒரு வரி, அதற்கு 9,000 ரூபாய். இந்த மாதிரி வரியைப் பார்த்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். வேர்ட்பிரஸுக்கு லைசென்ஸ் கட்டணம் என்று ஒன்று கிடையாது. ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் வெளியாகிற இலவச மென்பொருள் அது, யார் வேண்டுமானாலும் இறக்கி, எந்தத் தொழிலுக்கும் பயன்படுத்தலாம். வடிவமைப்புக்குக் கூலி கேட்பது நியாயம், உழைப்புக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். இல்லாத லைசென்ஸுக்குக் காசு வாங்குவது வேறு. அடுத்த வரி 'எஸ்எஸ்எல் சான்றிதழ், வருடத்துக்கு 3,500'. வெப்சைட்டுக்கும் பார்க்கிறவருக்கும் நடுவில் போகிற தகவலை வேறு யாரும் படிக்காமல் பாதுகாக்க உதவுவது அது. பிரவுசரில் முகவரிக்குப் பக்கத்தில் இருக்கும் குறியைத் தட்டிச் சான்றிதழைத் திறந்தால், அதைக் கொடுத்தது யார் என்று எழுதியிருக்கும். எங்களுடையதில் லெட்ஸ் என்கிரிப்ட் என்று இருந்தது. அது லாப நோக்கில்லாத அமைப்பு, சான்றிதழை இலவசமாகத் தருகிறது. காலாவதியாகும் முன்னால் சர்வரே தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி அமைத்துவிடலாம். வருடக் கட்டணம் அவர் பைக்குப் போயிருக்கிறது.

இந்த இரண்டையும் பணத்தோடு போனதாக நினைத்துக்கொள்ளலாம். அடுத்து நடந்ததில் ஒரு சீசனே போனது.

கூகுளில் மேலே கொண்டுவருவதற்கு என்று மாதம் 2,500 வாங்கினார். மாதா மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வரும், வண்ண வண்ணமாகக் கோடுகள் ஏறிக்கொண்டே போகும். ஆனால் எங்கள் கடைப் பெயரை அப்படியே தட்டினால்கூட வெப்சைட் வராது. கேட்டால், "அண்ணாச்சி, கூகுள்ல ஏற ஆறு மாசம் ஆகும், பொறுங்க" என்பார். பங்குனியில் பதநீர் இறங்க ஆரம்பித்து, புதுக் கருப்பட்டிக்கு ஆட்கள் தேடுகிற நேரமும் வந்தது. அப்போதும் எங்கள் பக்கம் கண்ணில் படவில்லை.

திருநெல்வேலியில் கம்ப்யூட்டர் படிக்கிற என் தம்பி மகள் லீவுக்கு வந்திருந்தாள். லேப்டாப்பில் எங்கள் முகப்பைத் திறந்து, கண்ட்ரோலையும் யுவையும் சேர்த்து அழுத்தினாள். திரை முழுக்க நிரல் வரிகள். அதில் தேடி, ஒரு வரியில் விரலை வைத்து, "பெரியப்பா, இதப் பாருங்க" என்றாள். 'ரோபோட்ஸ்' என்று தொடங்கிய அந்த வரியில் 'நோஇண்டெக்ஸ்' என்று இருந்தது. கூகுளே, இந்தப் பக்கத்தை உன் பட்டியலில் சேர்க்காதே என்று எங்கள் வெப்சைட்டே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. வேர்ட்பிரஸில் அமைப்புகளுக்குள் வாசித்தல் என்ற பகுதியின் அடியில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்பதற்கானது. வேலை நடக்கும்போது அதில் டிக் போட்டு வைப்பது வழக்கம், முடித்துக் கொடுக்கும்போது எடுத்துவிட வேண்டும். அவர் எடுக்கவில்லை. எடுக்காமலே மாதா மாதம் 2,500 வாங்கியிருக்கிறார், ஏறுகிற கோடும் அனுப்பியிருக்கிறார். கேட்டதற்கு, "சர்வர் அப்டேட்ல தானா விழுந்திருக்கும்" என்றார். அந்தக் கட்டத்தில் தானாக டிக் விழாது.

அவரையே டிக்கை எடுக்க வைத்த பிறகு கூகுளில் எங்கள் பக்கம் வர ஆரம்பித்தது. சீனிக் கலப்பைப் பற்றி நான் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு ஓசூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் கூப்பிட்டார்கள். என் வீட்டம்மா ஒவ்வொரு ஆர்டருக்கும் நோட்டில் 'கட்டுரை பார்த்து வந்தது' என்று குறித்து வைத்தாள். தொழிலுக்குப் பிளாக் எவ்வளவு உதவும் என்பதை நேரில் பார்த்தவன் நான்.

பிறகு ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். கூகுளில் எங்கள் முகவரிக்குக் கீழே வரிசையாக ஜப்பானிய எழுத்துகள், ஏதோ கைப்பை, வாட்ச் விற்கிற பக்கங்கள். வெப்சைட்டுக்குள் யாரோ புகுந்திருக்கிறார்கள். விசாரித்ததில் தெரிந்தது, எங்களுக்குப் போட்டிருந்தது காசு கொடுத்து வாங்க வேண்டிய தீமின், அதாவது வெப்சைட்டுக்குத் தோற்றம் தருகிற வடிவமைப்பின், திருட்டுப் பிரதி. 'நல்டு தீம்' என்று சொல்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கிற இந்தப் பிரதிகளில் பெரும்பாலும் கள்ள நிரலைச் சேர்த்துப் பரப்புகிறார்கள். டபிள்யூபி-விசிடி என்ற நிரல் இப்படித் தீம்களில் ஒட்டிக்கொண்டு எவ்வளவு வெப்சைட்டுகளில் புகுந்தது என்று வேர்ட்ஃபென்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2019இலேயே விரிவாக எழுதியிருக்கிறது. இந்தத் தொழிலில் இருக்கிறவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. எங்கள் பில்லில் 'பிரீமியம் தீம்' என்று அதற்கும் தனியாகக் காசு இருந்தது.

வேறு ஆளை வைத்துச் சுத்தம் செய்யலாம் என்று பார்த்தால், உள்ளே போக வழி இல்லை. எங்களுக்குக் கொடுத்திருந்த லாகின் 'எடிட்டர்' வகை. வேர்ட்பிரஸில் எடிட்டருக்குக் கட்டுரை எழுதலாம், திருத்தலாம், அவ்வளவுதான். தீம், பிளகின் என்கிற கூடுதல் வசதிகள், அமைப்புகள், எழுதியதை மொத்தமாக இறக்கிக்கொள்ளும் வசதி எல்லாம் அட்மினுக்கு மட்டும். அட்மின் லாகின் கேட்டேன். அதற்குப் பதிலாக வந்த மெசேஜ் இதுதான்: "அண்ணாச்சி, டொமைன் ரினீவல் வருது. ரினீவலும் ஹேண்ட்ஓவர் சார்ஜும் சேர்த்து 25,000 அனுப்புங்க, எல்லாம் குடுத்துருதேன்."

டாட் காம் முகவரியை ஒரு வருடத்துக்குப் புதுப்பிக்க இதில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும். அவர் 25,000 கேட்க முடிந்ததற்குக் காரணம், டொமைனை அவருடைய கணக்கில், அவருடைய மெயிலில் பதிந்திருந்தார். கடைப் பெயர் எங்களுடையது, எங்கள் கருப்பட்டிப் பெட்டிகள் எல்லாவற்றிலும் அச்சடித்திருப்பது அந்த முகவரி, ஆனால் பதிவேட்டில் அது அவருடைய சொத்து. பதிவு செய்துகொடுத்த நிறுவனத்துக்கு எழுதினோம். கணக்கு யாருடையதோ அவர் சொன்னால்தான் மாற்ற முடியும் என்றார்கள். பெயர்த் தகராறுக்கு யுடிஆர்பி என்று சர்வதேச வழி ஒன்று இருக்கிறது. அதற்கு டிரேட்மார்க் உரிமையைக் காட்ட வேண்டும், உலக அறிவுசார் சொத்து அமைப்பில் மனுக் கட்டணமே 1,500 டாலர். எங்களுக்கு அது கட்டாது. மிரட்டிக் கேட்கிற பணத்தைக் கொடுப்பதில்லை என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தோம். புதுப் பெயரை என் மெயிலில், என் போன் நம்பரில் பதிந்தோம். பழைய முகவரி இப்போது ஏதோ சூதாட்டப் பக்கத்துக்குப் போகிறது. பெட்டியில் பார்த்து அதைத் தட்டுகிற பழைய வாடிக்கையாளர்கள் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

கட்டுரைகளை மட்டும் காப்பாற்றினோம். எடிட்டர் லாகின் இருந்ததால் தம்பி மகள் ஒவ்வொன்றாகத் திறந்து நகல் எடுத்தாள். நடுவில் அவர் அதையும் முடக்கிவிட்டார். விட்டுப்போன சில கட்டுரைகள், பழைய வெப் பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கிற இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் கிடைத்தன. படங்கள் என் போனிலேயே இருந்தன.

இப்போதைய வெப்சைட்டைச் செய்து கொடுத்தவர் நாகர்கோவிலைச் சேர்ந்த ஒரு தம்பி. வேலையைத் தொடங்கும் முன்னாலேயே, "டொமைனும் ஹோஸ்டிங்கும் நீங்களே உங்க கார்டுல வாங்கிருங்க அண்ணாச்சி, என்னை அதுல ஒரு யூசரா மட்டும் சேருங்க" என்றார். ஹோஸ்டிங் என்பது வெப்சைட்டை வைத்திருக்க வாடகைக்கு எடுக்கிற சர்வர் இடம். வேலை முடிந்ததும் அட்மின் லாகினை என் மெயிலுக்கு மாற்றி, தீம் வாங்கிய ரசீதைக் கொடுத்து, மொத்த பேக்கப்பையும் என் டிரைவில் போட்டுவிட்டுத்தான் மீதிப் பணம் கேட்டார். வேர்ட்பிரஸ் வெப்சைட் வேறு ஹோஸ்டிங்குக்குத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரிதான் செய்யப்பட்டிருக்கிறது. பூட்டி வைப்பது ஆள் செய்கிற வேலை, மென்பொருள் செய்வதில்லை. ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் கேட்க வேண்டியது, டொமைன் கணக்கும் ஹோஸ்டிங் கணக்கும் யார் மெயிலில் இருக்கும் என்பது. "அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுவோம்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

ஏற்கெனவே செய்யக் கொடுத்துவிட்டவர்கள், இணைய முகவரிகளை ஒருங்கிணைக்கிற ஐகான் (ICANN) அமைப்பின் 'லுக்கப்' பக்கத்தில் உங்கள் முகவரியைப் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைத்திருப்பார்கள், ஆனால் எந்த நிறுவனத்தில் பதிவாகியிருக்கிறது, எந்தத் தேதியில் காலாவதி என்பது தெரியும். அந்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மெயிலைக் கொடுத்து உள்ளே போக முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அது உங்கள் கையில் இல்லை. வடிவமைத்தவரோடு பேச்சு நன்றாக இருக்கும்போதே, 'இபிபி கோடு' அல்லது 'ஆத் கோடு' என்கிற மாற்றல் குறியீட்டைக் கேட்டு வாங்கி உங்கள் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். புதிதாகப் பதிந்த டொமைனுக்கு 60 நாள் பூட்டு இருக்கும், அதற்குப் பிறகு மாற்றலாம். காலாவதித் தேதி நெருங்கும் வரை விட்டுவைக்காதீர்கள். டாட் காம் பெயர் காலாவதியாகி நீக்கப்பட்டால், 30 நாள் மீட்புக் காலம் ஒன்று உண்டு. அபராதத்தோடு அப்போது மீட்கலாம், ஆனால் அதையும் பழைய கணக்கு வைத்திருப்பவர்தான் செய்ய முடியும். அவர் செய்யாவிட்டால் அந்தப் பெயர் பொதுச் சந்தைக்கு வந்துவிடும், முதலில் கை வைக்கிறவருக்குப் போய்விடும்.